இளம்பெண்களுக்கு வரும் கருப்பை இறக்கம்: காரணம் அறிவது முதல் சிகிச்சை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

கருப்பை இறக்கம் வயதான காலத்துத் தொல்லை என்றே பலரும் எண்ணியிருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் முதல் பிரசவம் முடிந்து சில மாதங்களே ஆன 25 வயதுப் பெண்ணுக்கும், அரிதாகக் குழந்தையே பெறாத பெண்ணுக்கும் இது வருவதுண்டு. வயது குறைவாக இருக்கும்போது சிகிச்சையின் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. இன்னும் குழந்தை வேண்டுமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா, தாம்பத்திய உறவு எப்படி இருக்கிறது, செய்யும் வேலை எத்தகையது, இன்று செய்யும் அறுவை இன்னும் 40 ஆண்டுகள் தாங்குமா என்ற கேள்விகள் எல்லாம் இங்கே எழுகின்றன. 60 வயதுப் பெண்ணுக்கு எழுதப்பட்ட சிகிச்சையை அப்படியே 28 வயதுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுப்பது சரியாகாது.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு கருத்து ஊடாடி வரும். கீழே இறங்கி வருவது கருப்பையாக இருந்தாலும் பழுதுபட்டிருப்பது கருப்பை அன்று, அதைத் தாங்கும் அமைப்பு. ஆகவே இளம்பெண்ணின் சிகிச்சை தாங்கும் அமைப்பைத் தேற்றுவதில் தொடங்க வேண்டும். கருப்பையை எடுத்துவிடுவதில் தொடங்கக் கூடாது.

எது இறங்குகிறது, எதனால் தாங்கப்படுகிறது

இடுப்புக் கூட்டின் அடிப்பகுதி எலும்பால் மூடப்பட்டதன்று. முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்புற வால் எலும்பு வரை, தூளியைப் போலத் தொங்கும் ஒரு தசைப்படலம்தான் அதை மூடியிருக்கிறது. இதையே இடுப்புத்தளத் தசை என்கிறோம். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இதன்மேல் அமர்ந்திருக்கின்றன. சிறுநீர்த் தாரை, பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் இதன் நடுவே உள்ள இடைவெளி வழியாக வெளியே வருகின்றன. தசை இறுக்கமாக இருக்கும்வரை அந்த இடைவெளி மூடியே இருக்கும்.

தசை மட்டுமே தாங்குவதில்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் டிலான்சி 1992-இல் இந்தத் தாங்குதலை மூன்று மட்டங்களாகப் பிரித்துக் காட்டினார். மேல்மட்டத்தில் கருப்பை வாயையும் பிறப்புறுப்பின் உச்சியையும் பின்புற எலும்போடும் பக்கச் சுவர்களோடும் பிணைக்கும் தசைநார்கள் இருக்கின்றன. நடுமட்டத்தில் பிறப்புறுப்பின் பக்கங்களை இடுப்புச் சுவரோடு ஒட்டவைக்கும் இணைப்புத் திசு இருக்கிறது. கீழ்மட்டத்தில் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசைக் கட்டு இருக்கிறது. மேல்மட்டம் தளர்ந்தால் கருப்பை இறங்கும். நடுமட்டத்தின் முன்பக்கம் தளர்ந்தால் சிறுநீர்ப்பை பிறப்புறுப்பின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு புடைக்கும். பின்பக்கம் தளர்ந்தால் மலக்குடல் பின்சுவரில் பிதுங்கும். பல பெண்களிடம் இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தே இருக்கும். வீட்டில் அடியிறக்கம் என்று பொதுவாகச் சொல்வது இவற்றுள் எதுவாகவும் இருக்கலாம். சிகிச்சை வெவ்வேறாக இருப்பதால், எந்தப் பகுதி இறங்கியிருக்கிறது என்று பெயர் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இளம் வயதில் ஏன் வருகிறது

முதன்மையான காரணம் பிறப்புறுப்பு வழியான பிரசவம். குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் இடுப்புத்தளத் தசையின் உட்பகுதி தன் இயல்பான நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருக்கிறது என்று கணினி மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. உடலின் வேறு எந்தத் தசையும் இவ்வளவு இழுவையைச் சேதமின்றித் தாங்காது. பெரும்பாலான பெண்களிடம் கர்ப்பகால மாற்றங்களால் இந்தத் தசை ஈடுகொடுத்து, பிறகு மெல்லத் தேறிவிடுகிறது. சிலரிடமோ தசை முன்புற எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே பிய்ந்துவிடுகிறது. தோலில் தையல் இல்லாமலும் இது நேரலாம். அதனால் பிரசவ அறையில் யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்த பிரசவங்களில் இந்தச் சேதம் மிக அதிகம். வாக்யூம் வைத்து எடுத்தவற்றில் அதைவிடக் குறைவு. குழந்தையின் எடை அதிகமாக இருத்தல், கருப்பை வாய் முழுவதும் திறந்த பிறகு நெடுநேரம் முக்க வேண்டிவருதல், முழுவதும் திறப்பதற்கு முன்பே முக்கச் சொல்லுதல் ஆகியவையும் தாங்கும் அமைப்பைப் பாதிக்கின்றன.

சிசேரியன் செய்துகொண்டால் இது வரவே வராது என்று சொல்லிவிட முடியாது. கர்ப்பமே ஒன்பது மாத எடையாலும் ஹார்மோன் மாற்றத்தாலும் திசுக்களைத் தளர்த்துகிறது. சிசேரியனில் ஆபத்து தெளிவாகக் குறைகிறது, ஆனால் இல்லாமல் போவதில்லை. அறுவைக்கே உரிய ஆபத்துகள் இருப்பதால், இறக்கத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் எல்லோருக்கும் சிசேரியன் செய்யும்படி எந்தப் பொறுப்பான வழிகாட்டுதலும் சொல்வதில்லை.

இரண்டாவது காரணம் பிறவியிலேயே வரும் திசுத் தன்மை. கொலாஜன் என்னும் புரதத்தின் குறையால் மூட்டுகள் அளவுக்கு மீறி வளையும் ஏலர்ஸ்-டான்லஸ் நோயோ, இணைப்புத் திசுவைப் பாதிக்கும் மார்ஃபன் நோயோ உள்ளவர்களுக்குத் தசைநார்களும் இணைப்புத் திசுக்களும் எளிதில் நெகிழ்கின்றன. முதுகுத்தண்டு பிளவோடு பிறந்தவர்களுக்கு இடுப்புத்தளத் தசைக்குச் செல்லும் நரம்பே குறைபட்டிருக்கும். சிறுநீர்ப்பை வயிற்றுக்கு வெளியே திறந்த நிலையில் பிறந்தவர்களுக்கு இடுப்பெலும்பே முன்புறம் இணைந்திருக்காது. குழந்தை பெறாத பெண்ணுக்கு இறக்கம் வந்தால் மருத்துவர் முதலில் தேடுவது இத்தகைய காரணங்களைத்தான். தாய்க்கோ அக்காவுக்கோ இந்தத் தொல்லை இருந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்ல வேண்டும்; குடும்ப வரலாறு ஆபத்தைக் கூட்டுகிறது.

மூன்றாவது, நாள்தோறும் வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம். நீண்ட நாள் மலச்சிக்கல், ஆஸ்துமாவாலோ புகையாலோ ஓயாத இருமல், உடற்பருமன், மூச்சைப் பிடித்துக்கொண்டு கனமான பொருள்களைத் தூக்கும் வேலை ஆகியவை இதில் அடங்கும். இவை தனியாக இறக்கத்தைக் கொண்டுவருவதைவிட, பிரசவத்தில் ஏற்கெனவே தளர்ந்த இடத்தைக் கீழே தள்ளுவதே அதிகம். சிறு வயதுத் திருமணம், இடைவெளியில்லாத பிரசவங்கள், பிரசவமான சில நாள்களிலேயே சுமை தூக்கும் வேலை ஆகிய மூன்றும் சேரும் இடங்களில் இளம்பெண்களிடம் இந்நோய் கூட்டமாகவே காணப்படுகிறது. நேபாளத்தில் இது எவ்வளவு பரவலாக இருந்தது என்றால், 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த சிக்கலாகக் கருதி அரசுக்கு உத்தரவிட்டது.

முதல் படி: அறிகுறிகளைச் சரியாகப் படித்தல்

காலையில் எதுவும் தெரியாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பகலெல்லாம் நின்று நடந்தபின், மாலையில் அடிவயிறும் பிறப்புறுப்பும் கனத்து, ஏதோ கீழே இறங்குவது போலிருக்கும். படுத்துக்கொண்டால் சரியாகிவிடும். இறக்கத்தின் மிக இயல்பான அடையாளம் இந்த ஏற்ற இறக்கம்தான். குளிக்கும்போது கையில் மென்மையான ஒரு புடைப்பு தட்டுப்படலாம். சிறுநீர் கழித்தபின்னும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, சற்று முன்னோக்கிச் சாய்ந்தால்தான் முழுவதும் கழிவது, மலம் வெளியேறப் பிறப்புறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்த வேண்டியிருப்பது, மாதவிடாய்க் கப் நிற்காமல் நழுவுவது, உறவின்போது தளர்வோ இடைஞ்சலோ தோன்றுவது ஆகியவையும் இதைச் சேர்ந்தவை. மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் இவை கூடித் தெரிவதுண்டு.

இடுப்பு வலியை மட்டும் வைத்து இறக்கம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. முதுகு வலிக்கும் அடிவயிற்று வலிக்கும் வேறு காரணங்கள் ஏராளம். லேசான இறக்கம் பொதுவாகக் கடும் வலியைத் தருவதில்லை.

பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் பிறப்புறுப்பு தளர்ந்து, சுவர்கள் சற்று இறங்கியிருப்பது பலரிடம் காணப்படும் நிலை. திசுக்கள் தேறுவதற்கு ஓராண்டு வரைகூட ஆகலாம். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜென் குறைவாக இருப்பதால் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டு, கனமும் எரிச்சலும் கூடுதலாகத் தெரியலாம். பால் நிறுத்தி மாதவிடாய் திரும்பியபின் பலருக்கு இது தானே குறைகிறது. இணையத்தில் படித்துவிட்டுக் கைக்கண்ணாடியை வைத்து நாள்தோறும் பார்த்துப் பதறும் இளந்தாய்மார்களுக்கு இந்த ஒரு தகவலே பாதி மருந்து.

ஆனால் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சிறுநீர் கழிக்கவே முடியாமல் அடைத்துக்கொண்டாலும், வெளியே வந்த பகுதி வீங்கி உள்ளே போக மறுத்தாலும், அது கருத்தாலும் புண்ணாகி இரத்தம் கசிந்தாலும், காய்ச்சலோடு கெட்ட வாடையுள்ள கசிவு இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: மருத்துவரிடம் செல்லும்போது

மகப்பேறு மருத்துவரையோ, வாய்ப்பிருந்தால் இடுப்புத்தளச் சிகிச்சையில் பயின்ற மருத்துவரையோ பார்க்கலாம். பரிசோதனைக்கு மாலை நேரம் நல்லது. காலையில் படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் இறக்கம் உள்ளதைவிடக் குறைவாகவே தெரியும். இருமச் சொல்லியும் முக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். ஐயமிருந்தால் நிற்கவைத்தும் பார்க்க வேண்டும். நிற்கவைத்துப் பார்க்கவில்லை என்றால் நீங்களே கேட்கலாம், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

இறக்கத்தை அளக்க 1996 முதல் பொதுவான ஓர் அளவுமுறை உலகெங்கும் பயன்படுகிறது. அதில் கன்னிச்சவ்வு இருந்த இடமே அளவுகோலின் சுழி. மிகக் கீழே வரும் பகுதி அந்தக் கோட்டுக்கு 1 செ.மீ.க்கும் மேலேயே நின்றுவிட்டால் முதல் நிலை. கோட்டுக்கு மேலே 1 செ.மீ. முதல் கீழே 1 செ.மீ.க்குள் வந்தால் இரண்டாம் நிலை. அதையும் தாண்டி வெளியே வந்தால் மூன்றாம் நிலை. பிறப்புறுப்பே முழுவதும் வெளிப்புரண்டு வந்தால் நான்காம் நிலை. பெண் உணரும் தொல்லை பெரும்பாலும் அந்தக் கோட்டை எட்டும்போதுதான் தொடங்குகிறது. குழந்தை பெற்ற பெண்கள் பலரைப் பரிசோதித்தால் முதல் நிலையோ தொடக்க இரண்டாம் நிலையோ இருக்கும். அவர்களுக்கு எந்தத் தொல்லையும் இராது, சிகிச்சையும் வேண்டியதில்லை. சீட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து அஞ்ச வேண்டாம். சிகிச்சை தொல்லைக்குத்தான், எண்ணுக்கு அன்று.

இதே பரிசோதனையில் விரலை வைத்து இறுக்கச் சொல்லித் தசையின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். தசை எலும்பிலிருந்து பிய்ந்திருக்கிறதா என்பது கைதேர்ந்தவரின் விரலுக்கே தெரியும். முப்பரிமாண அல்ட்ராசவுண்ட் அதை உறுதிப்படுத்தும். சிறுநீர் கழித்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஸ்கேனில் பார்ப்பதும், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று சோதிப்பதும் வழக்கம். முற்றிய இறக்கத்தில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் மடங்கிச் சிறுநீரகம் வீங்கக்கூடும் என்பதால், அப்படிப்பட்டவர்களுக்குச் சிறுநீரக ஸ்கேனும் தேவை.

இளம்பெண்ணிடம் வேறொன்றையும் பிரித்தறிய வேண்டும். பிறப்புறுப்பின் சுவரில் வரும் நீர்க்கட்டி, கருப்பை வாயிலிருந்து தொங்கும் பாலிப் அல்லது ஃபைப்ராய்டு, பிறவியிலேயே நீண்டிருக்கும் கருப்பை வாய் ஆகிய எல்லாமே ஏதோ வெளியே வருகிறது என்ற ஒரே உணர்வைத் தரக்கூடியவை. குறிப்பாகக் கருப்பை வாய் மட்டும் நீண்டு, கருப்பை தன் இடத்திலேயே இருக்கும் பெண்ணுக்குத் தரவேண்டிய சிகிச்சை முற்றிலும் வேறு.

மூன்றாம் படி: கீழ்நோக்கிய அழுத்தத்தைக் குறைத்தல்

மலச்சிக்கலைத் தீர்க்காமல் வேறு எதைச் செய்தாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகத்தான் முடியும். நார்ச்சத்தும் தண்ணீரும் போதவில்லை என்றால், மலத்தை இளக்கும் மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதில் தவறில்லை. மேற்கத்திய கழிப்பறையில் உட்காருபவர்கள் பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு முக்காலியை வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி முன்னோக்கிச் சாய்ந்து, வாயைத் திறந்து மூச்சை விட்டபடி வயிற்றை விரிய விட்டால் முக்காமலே மலம் இறங்கும். சிறுநீரை நின்றபடியோ பாதி உட்கார்ந்தபடியோ அவசரமாகக் கழிக்கக் கூடாது.

எதைத் தூக்கும்போதும், குழந்தையைத் தூக்கும்போதும்கூட, மூச்சைப் பிடித்துக்கொள்ளாமல் மூச்சை வெளியே விட்டபடியே தூக்க வேண்டும். எடை மிகுந்தவர்கள் எடையைக் குறைத்தால் கனமும் சிறுநீர்க் கசிவும் தணியும். ஏற்கெனவே இறங்கியது மேலே போய்விடாது. ஓயாத இருமல் இருந்தால் அதன் காரணத்திற்கு மருந்து எடுக்க வேண்டும், புகைப்பவர் புகையை விட வேண்டும். வேலையை முற்றிலும் விட்டுப் படுத்துவிடும்படி சொல்லப்படும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. நடப்பதும் நீந்துவதும் சைக்கிள் ஓட்டுவதும் நல்லவை. அசையாமல் கிடந்தால் தசை இன்னும் மெலியும். ஓட்டத்தையும் குதிக்கும் பயிற்சிகளையும் பிரசவத்திற்குப் பின் குறைந்தது 12 வாரங்கள் தள்ளிவைத்து, கனமோ கசிவோ இல்லையென்றால் மெல்லத் தொடங்கலாம்.

நான்காம் படி: இடுப்புத்தளத் தசைப் பயிற்சி

1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் விளக்கியதால் இது கெகல் பயிற்சி என்று பெயர் பெற்றது. பெயர் எல்லோருக்கும் தெரியும். சரியாகச் செய்பவர்கள் குறைவு. சொல்லிக் கொடுத்தபின்னும் பலர் மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள், அது இறக்கத்தைக் கூட்டவே செய்யும். அதனால்தான் முதல் சில முறையாவது இத்துறையில் பயின்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கண்காணிக்க வேண்டும்.

முதலில் மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். வாயு வெளியேறாமல் ஆசனவாயை அடக்குவது போலவும், அதே நேரத்தில் சிறுநீரை அடக்குவது போலவும் இறுக்கி, இரண்டையும் உள்ளும் மேலுமாக இழுங்கள். தொடை, பிட்டம், மேல்வயிறு மூன்றும் தளர்வாகவே இருக்க வேண்டும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சுத்தமான ஒரு விரலைப் பிறப்புறுப்புக்குள் வைத்துப் பார்த்தால், சரியான இறுக்கத்தில் விரல் சுற்றிலும் கவ்வப்பட்டு உள்ளே இழுக்கப்படும். வெளியே தள்ளப்பட்டால் முறை தவறு. சிறுநீர் கழிக்கும் நடுவில் நிறுத்திப் பழகும் வழக்கம் வேண்டாம், அது சிறுநீர்ப்பை முழுவதும் காலியாவதைக் கெடுக்கும்.

தொடக்கத்தில் 3 விநாடி நிறுத்த முடிந்தாலே போதும். நிறுத்திய நேரம் அளவுக்காவது தளர விடுங்கள். தளர்வதும் பயிற்சியின் பாதிதான். மெல்ல மெல்ல 8 முதல் 10 விநாடி வரை கூட்டி, 10 முறை நீண்ட இறுக்கமும், அதன்பின் 10 முறை சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவதுமாக நாளுக்கு 3 வேளை செய்ய வேண்டும். படுத்துச் செய்வது கைவந்தபின் உட்கார்ந்தும், பிறகு நின்றும் செய்யப் பழகுங்கள். இறக்கம் தொல்லை தருவது நிற்கும்போதுதானே. இருமுவதற்கும் தும்முவதற்கும் குழந்தையைத் தூக்குவதற்கும் ஒரு நொடி முன்னதாக இறுக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால், நாளெல்லாம் அந்தத் தசை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பலன் ஓரிரு வாரங்களில் தெரியாது. முதல், இரண்டாம் நிலை இறக்கத்தால் தொல்லைப்படுபவர்களுக்குக் கண்காணிப்போடு கூடிய பயிற்சியைக் குறைந்தது 16 வாரங்கள் தரலாம் என்று பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல் கூறுகிறது. 2014-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் 447 பெண்களைப் பிரித்து, ஒரு பாதியினருக்குத் தனித்தனியே பயிற்சியும் மறு பாதியினருக்கு அறிவுரைத் தாளும் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களின் தொல்லை தெளிவாகக் குறைந்திருந்தது. மூன்றாம் நிலையில் வெளியே வந்துவிட்ட உறுப்பைப் பயிற்சி உள்ளே அனுப்பிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தசை எலும்பிலிருந்து பிய்ந்திருந்தாலும் பயிற்சி அதை மீண்டும் ஒட்டவைக்காது. ஆனால் மீந்திருக்கும் தசை வலுப்பெற்று ஓரளவு ஈடுசெய்யும்.

ஒரு சிலருக்கு இந்தப் பயிற்சி தொடக்கத்தில் ஆகாது. இடுப்புத்தளத் தசை தளராமல் எப்போதும் இறுகியே இருப்பதால் உறவின்போது கடும் வலியும் சிறுநீர் கழிப்பதில் தடையும் உள்ளவர்கள், முதலில் தசையைத் தளர்த்தும் பயிற்சியையே பெற வேண்டும்.

ஐந்தாம் படி: பெசரி வளையம்

பயிற்சியோடு சேர்த்தோ, பயிற்சி போதாத இடத்திலோ பெசரி பயன்படும். சிலிக்கோனால் ஆன இந்த வளையம் பிறப்புறுப்புக்குள் அமர்ந்து உறுப்புகளைத் தாங்கிப் பிடிக்கிறது. வயதானவர்களுக்குரிய பொருள் என்ற எண்ணத்தால் இளம்பெண்களுக்கு இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். உண்மையில் இன்னும் குழந்தை பெற வேண்டியவர்களுக்கும், பிரசவத்திற்குப் பின் திசுக்கள் தேறும்வரை காத்திருப்பவர்களுக்கும், உடற்பயிற்சி நேரத்தில் மட்டும் தாங்கல் வேண்டுபவர்களுக்கும் இதைப்போல ஏற்ற வழி வேறில்லை.

அளவு சரியாக அமைவதே முக்கியம். வளையத்திற்கும் சுவருக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். பொருத்தியபின் நடந்து, குந்தி, இருமி, சிறுநீர் கழித்துப் பார்த்த பிறகே மருத்துவமனையை விட்டுக் கிளம்ப வேண்டும். உள்ளே இருப்பதே தெரியாமல் இருந்தால் அளவு சரி. அழுத்தினால் பெரிது, நழுவினால் சிறிது. முதல் அளவே பொருந்தாமல் இரண்டு மூன்று அளவுகளை மாற்றிப் பார்க்க நேர்வது வழக்கம்தான்.

இளம்பெண்கள் தாங்களே எடுத்துப் போடக் கற்றுக்கொள்வது எளிது. ஒரு காலை முக்காலியில் வைத்து நின்றோ குந்தியோ, ஆள்காட்டி விரலை முன்புற எலும்பின் பின்னே செலுத்தி வளையத்தின் விளிம்பைக் கொக்கி போல் பிடித்து மெல்லக் கீழ்நோக்கி இழுத்தால் வந்துவிடும். மென்மையான சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, விளிம்பில் சிறிது வழவழப்பு ஜெல் தடவி, இரண்டாக மடக்கிப் பின்னோக்கிச் செலுத்தினால் உள்ளே சென்று தானே விரிந்துகொள்ளும். இரவில் எடுத்துவிட்டுக் காலையில் போடலாம்; வாரத்திற்கு ஒருமுறை எடுத்துக் கழுவினாலும் போதும். திறந்த வளைய வகையை உள்ளே வைத்தபடியே உறவு கொள்ள முடியும். தானே பராமரிக்கும் பெண்களின் வாழ்க்கைத் தரம், மருத்துவமனைக்கு வந்து மாற்றிக்கொள்பவர்களுடையதற்குக் குறைந்ததன்று என்று 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. காப்பர்-டி போட்டிருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், வளையத்தை எடுக்கும்போது அதன் நூல் இழுபடக்கூடும். உள்ளே வைத்ததை மறந்து ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் புண்ணாகி, அரிதாகச் சிறுநீர்ப்பை வரை துளை விழுவதும் உண்டு.

ஆறாம் படி: அறுவை சிகிச்சையைப் பற்றி முடிவெடுத்தல்

பயிற்சியும் பெசரியும் தொல்லையைத் தீர்க்காதபோதுதான் அறுவையைப் பற்றிப் பேச வேண்டும். பிரசவமாகி ஓராண்டு ஆவதற்குள் அந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் அவசரமே. குழந்தை பெறும் விருப்பம் முடிந்தபின் செய்வதே நல்லது, ஏனெனில் அடுத்த கர்ப்பமும் பிரசவமும் சரிசெய்த இடத்தை மீண்டும் தளர்த்தக்கூடும். இளம் வயது, மூன்றாம் நான்காம் நிலை இறக்கம், தசை பிய்ந்திருத்தல் ஆகியவை மறுபடி இறங்கும் வாய்ப்பைக் கூட்டும் காரணங்கள் என்று அறியப்பட்டிருக்கின்றன. வயது குறைவாக இருப்பதால் அறுவை நன்றாகக் கைகொடுக்கும் என்று பலர் கருதுவது இந்த நோயைப் பொறுத்தவரை தலைகீழ்.

சிறுநீர்ப்பையோ மலக்குடலோ மட்டும் பிதுங்கியிருந்தால், பிறப்புறுப்பு வழியாகவே அந்தச் சுவரைத் திறந்து உள்ளிருக்கும் திசுவை இறுக்கித் தைத்துவிடுவார்கள். ஆனால் உச்சியே இறங்கியிருக்கும் பெண்ணுக்குச் சுவரை மட்டும் தைத்தால் நெடுநாள் நிற்காது; உச்சியையும் சேர்த்துத் தொங்கவிட வேண்டும்.

கருப்பையைக் காத்துச் செய்யும் அறுவைகளின் வரலாறு நீண்டது. 1888-இல் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்டு டொனால்டு தொடங்கி, பின்னர் ஃபாதர்கில் மாற்றியமைத்த அறுவையில், நீண்ட கருப்பை வாயை வெட்டிக் குறைத்துத் தசைநார்களை முன்புறம் இழுத்துத் தைத்தார்கள். இறக்கம் சரியாகும், ஆனால் கருப்பை வாய் போய்விடுவதால் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் கூடின, சிலருக்கு வாய் சுருங்கி மாதவிடாயே அடைத்துக்கொண்டது. இன்னும் குழந்தை வேண்டுபவர்களுக்கு இது பொருந்தாது என்று கண்ட மும்பை மருத்துவர் வி. என். ஷிரோத்கர், கருப்பை வாயை வெட்டாமலே தாங்கும் நார்களை இழுத்துக் கட்டும் முறையையும், நாடாவால் கருப்பையைப் பின்புற முதுகெலும்போடு தொங்கவிடும் முறையையும் வகுத்தார். அதே நகரத்தின் புரந்தரே, வயிற்றுச் சுவரின் திசுவோடு கருப்பையை முன்புறமாகக் கட்டும் முறையைத் தந்தார். இது செய்வதற்கு எளிது. கருப்பை முன்னே இழுக்கப்படுவதால் பின்புறம் இடைவெளி விழுந்து குடல் இறங்கலாம் என்பது அதன் குறை. குழந்தை பெறாத இளம்பெண்களையே முன்னிறுத்தி அறுவைமுறைகள் வகுக்கப்பட்டது இத்துறையில் அரிதான செயல்.

இன்று இதே எண்ணம் வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி வழியாகவும் நிறைவேற்றப்படுகிறது. கருப்பை வாயில் செயற்கை இழையால் ஆன வலைப்பட்டையைப் பொருத்தி முதுகெலும்பின் அடிப்பகுதியில் தொங்கவிடுவது ஒரு முறை. வலையே இல்லாமல், பிறப்புறுப்பு வழியாகக் கருப்பை வாயை இடுப்பின் பக்கத் தசைநாரோடு தைப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையைக் கருப்பை நீக்கத்தோடு ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முடிவில் கருப்பையைக் காத்தவர்களின் நிலை நீக்கியவர்களுடையதைவிடத் தாழ்ந்ததாக இல்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர்கள் என்றாலும், கருப்பையை எடுத்தால்தான் இறக்கம் தீரும் என்ற பழைய நம்பிக்கைக்கு அது நேரான மறுப்பு. கருப்பையை எடுத்தபின் பிறப்புறுப்பின் உச்சியைச் சரியாகக் கட்டாவிட்டால், அந்த உச்சியே பின்னாளில் இறங்கி வரும்.

வலை என்று கேட்டாலே கலங்குவோர் உண்டு. காரணம் இல்லாமல் இல்லை. பிறப்புறுப்பு வழியாக வைக்கப்பட்ட வலைகள் தோலைத் துளைத்து வெளிவருதல், தீராத வலி போன்ற சிக்கல்களைத் தந்ததால், 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் உணவு மருந்து ஆணையம் இறக்கத்திற்கான அத்தகைய வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது. பிரிட்டனில் 2018-லேயே பயன்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. வயிற்று வழியாக வைக்கும் வலை அமெரிக்க உத்தரவுக்குள் வராது, ஆனால் அதற்கும் சிக்கல்கள் உண்டு. ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேட்க வேண்டியவை: வலை வைக்கப்படுமா, எந்த வழியாக, கருப்பை வாய் வெட்டப்படுமா, பின்னர் கர்ப்பமானால் என்ன செய்வது, அறுவைக்குப் பின் சிறுநீர்க் கசிவு புதிதாகத் தோன்றுமா. கடைசிக் கேள்வி முக்கியம். இறங்கிய உறுப்பு சிறுநீர்த் தாரையை மடக்கிக் கசிவை மறைத்திருக்கலாம். மேலே தூக்கியவுடன் இருமினால் கசியத் தொடங்கும்.

அறுவைக்குப் பின் வழக்கமாக 6 வாரங்கள் கனம் தூக்காமலும் உறவைத் தவிர்த்தும் இருக்கச் சொல்வார்கள். அதன்பிறகும் மலச்சிக்கலைத் தடுப்பதும் தசைப் பயிற்சியும் தொடர வேண்டும்.

இறக்கம் உள்ளவர் மீண்டும் கர்ப்பமானால்

பல பெண்களுக்கு முதல் மூன்று மாதங்களில் கனம் கூடும். கருப்பை வளர்ந்து இடுப்புக் கூட்டை விட்டு மேலே ஏறும் நான்காம், ஐந்தாம் மாதத்தில் தொல்லை தணிவதுண்டு. அதுவரை பெசரி தாங்கல் கொடுக்கும், கர்ப்பத்தில் அதை வைக்கத் தடையில்லை. வெளியே வந்த கருப்பை வாய் வீங்கினால் இடுப்பை உயர்த்திப் படுத்து ஓய்வெடுப்பதும், மருத்துவரின் கண்காணிப்பும் தேவை.

பிரசவ முறையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இறக்கம் இருப்பதாலேயே சிசேரியன் கட்டாயம் ஆகிவிடாது. முன்னர் கருப்பையைத் தொங்கவிடும் அறுவை, அதிலும் வலை வைத்து, செய்துகொண்டவர்களுக்குப் பெரும்பாலும் சிசேரியனே பரிந்துரைக்கப்படுகிறது. மற்றவர்கள் பிறப்புறுப்பு வழியாகப் பெறும்போது, கருப்பை வாய் முழுவதும் திறக்கும் முன் முக்காமல் இருப்பதும், மூச்சைப் பிடித்து நெடுநேரம் தம்கட்டாமல் உடல் தானாக உந்தும்போது மூச்சை விட்டபடி முக்குவதும், கருவி தேவைப்படும் நிலையில் எந்தக் கருவி என்பதை முன்பே மருத்துவரோடு பேசி வைத்திருப்பதும் தசையைக் காக்க உதவும். எல்லோருக்கும் வழக்கமாகப் பிறப்புறுப்பின் வாயை வெட்டித் தையல் போடுவது இறக்கத்தைத் தடுப்பதில்லை. பிரசவமான ஆறாவது வாரப் பரிசோதனையில் குழந்தையின் எடையைக் கேட்கும் அக்கறையில் பாதிகூடத் தாயின் இடுப்புத்தளத்தின்மீது காட்டப்படுவதில்லை. ஆகவே கனம் இருக்கிறதா, கசிவு இருக்கிறதா, தசையைச் சரியாக இறுக்க முடிகிறதா என்ற மூன்றையும் நீங்களே எடுத்துச் சொல்லி, பரிசோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள்.